மேற்படியானின் முதல் பதிவு

"அங்கிள், இன்வெர்ட்டர் இன்னும் பத்து நிமிஷம்தான் ஓடும். செய்த வேலையை சேவ் பண்ணிக்குங்க" என்று ஹிந்தியில் கத்தினாள் கல்லாவில் இருந்த பெண்.

இருதயராஜ் சேவ் பண்ண வரவில்லை. அழிக்க வந்திருந்தார்.

வியாழக்கிழமை, மணி ஒன்று பத்து. புனேயில் வியாழன் என்றால் மின்சாரத்துக்கு வார விடுமுறை. ஔந்த் பகுதியில் மூன்று சைபர் கஃபேக்களின் ஷட்டரைப் பார்த்துவிட்டு நாலாவதில் நுழைந்திருந்தார். நெற்றி வேர்வை விசைப்பலகையில் சொட்டியது. பாஸ்வேர்டை அடித்தார். தவறு என்றது. மறுபடி அடித்தார். தவறு. மூன்றாவது முறை ஒவ்வொரு எழுத்தாக, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி அடித்தார். தவறு.

"என்ன எழவு இது!"

பக்கத்து நாற்காலியில் ரயில்வே தேர்வு முடிவு பார்த்துக்கொண்டிருந்த ஆள் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டான்.

அப்புறம்தான் உறைத்தது. வந்ததும் பழக்கதோஷத்தில் தமிழ் எழுத்துக்கு மாற்றியிருந்தார். ஆங்கிலத்துக்குத் திருப்பினார். உள்ளே விட்டது.

'மேற்படி விஷயமாக' என்ற வலைப்பதிவின் கட்டுப்பாட்டுப் பக்கம், தலையிலிருந்து கால்வரை ஆடி அசைந்து இறங்கி வந்தது. மொத்தம் ஆறு பதிவுகள். எழுதியவர்: மேற்படியான். முதல் பதிவுக்கு மட்டும் முப்பத்தேழு பின்னூட்டங்கள். ஐம்பத்து நாலு வயதில், வாழ்க்கையில் முதல்முறையாக, முப்பத்தேழு பேர் அவர் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டிருந்தார்கள்.

கைபேசி அடித்தது. மனைவி பாக்கியவதி.

"சாப்பிட்டியளா?"

"பிறவு பேசுதேன்."

"டிபன் டப்பா இங்கன மேஜை மேலேயே இருக்கு. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். காலையிலே எந்த நாட்டைத் திருத்துற நெனைப்புல கெளம்பினியளோ!"

"போனை வை பாக்கியம். வேலை போற காரியம் இங்க நடந்துட்டு இருக்கு."

"அந்த எழுத்தா?"

"அந்த எழுத்துதான்."

"நான் சொன்னனா இல்லியா?"

"சொன்னே. தேஹு ரோடு ஸ்டேஷன் மாஸ்டருக்குக் கேக்குற மாதிரி சொன்னே. இப்போ வை."

வைத்தார். வலைப்பதிவை நீக்கு என்ற பொத்தானைத் தேடிப்பிடித்து அழுத்தினார். பக்கம் யோசித்தது. வெள்ளையாக நின்றது. திரையின் உச்சியில் ஒரு கோடு வந்தது. நிச்சயமாக நீக்கவா என்று கேட்டது.

நிச்சயமாக, என்று சுட்டியை நகர்த்தினார்.

பட்டென்று எல்லாத் திரைகளும் கறுத்தன. கூரை விசிறி கடைசிச் சுற்றுக்குத் தயங்கியது.

"பத்து நிமிஷம்னியேம்மா! நாலுகூட ஆகலையே!" தமிழிலேயே கத்திவிட்டார்.

"பேட்டரி பழசு அங்கிள்" என்றாள் அவள். அரை மணிக்கான காசையும் வாங்கிக்கொண்டாள்.

*

இதெல்லாம் ஆரம்பித்தது அன்று பகல் பன்னிரண்டே காலுக்கு.

இருதயராஜ் மத்திய அரசுப் பண்டக அலுவலகம் ஒன்றில் மேல்நிலை எழுத்தர். காட்டிலும் மலையிலும் முகாம் போடுகிற அரசுத் துறைகளுக்குக் கூடாரம், கயிறு, மடக்குக் கட்டில், விளக்கு எல்லாம் அங்கிருந்துதான் போகும். பெட்டிகளை ஏற்றி இறக்க ஒரு ஒப்பந்தக்காரர், அவர் கீழ் அறுபது கூலியாட்கள். அலுவலகத்தின் தலைவர் கிருஷ்ணஸ்வாமி. தமிழர்தான். ஆனால் பிறந்தது, படித்தது, தலை நரைத்தது எல்லாம் புனே.

அவர் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்.

"வாங்கோ இருதயராஜ். நீங்க தமிழ் படிப்பேளோன்னோ?"

"படிப்பேன் சார்."

"நேக்கு பேசத்தான் வரும். எழுத்துன்னா அத்தனையும் ஜிலேபி. அச்சா, விஷயம் என்னன்னா, ஒரு கம்ப்ளைண்ட் வந்திருக்கு. அதுல ஏதோ தமிழ் பிளாக் சமாச்சாரம். யாரோ மேற்படியானாம். மேற்படின்னா என்ன?"

இருதயராஜ் மேஜை விளிம்பைப் பார்த்துச் சொன்னார். "மேலே சொன்னபடி... அப்படின்னு அர்த்தம் சார்."

"மேலேதான் ஒண்ணும் சொல்லலையே?"

"அதான் சார் அதுல கிண்டல்."

"கிண்டலா? ஓ." கிருஷ்ணஸ்வாமி அதை ஒரு வியாதியின் பெயரைக் கேட்ட மாதிரி வாங்கிக்கொண்டார். "அட்ரஸ் தரேன். லஞ்சுக்கப்புறம் இண்டர்நெட்ல தொறந்து பாருங்கோ. அதை இங்கிலீஷ்ல பண்ணி நாலு மணிக்குள்ள தரணும். நம்ம ஆபீஸ்ல தமிழ் படிக்கறவா நீங்க ஒருத்தர்தான்."

"கம்ப்ளைண்ட் யாரு சார் குடுத்தது?"

"அது உங்களுக்கு வேண்டாம். கான்ஃபிடென்ஷியல். டிரான்ஸ்லேஷன் பண்றவா ரெண்டு பக்கமும் சாராம இருக்கணும், இல்லையா?"

இருதயராஜ் தலையாட்டினார். சாராமல் இருப்பதற்கு இந்தியாவிலேயே தகுதியில்லாத ஒரே ஆளிடம் அந்த வேலை வந்து சேர்ந்திருந்தது.

அரசு ஊழியன் மேலிடத்து அனுமதியில்லாமல் அரசையும் அதன் நடவடிக்கைகளையும் கண்டித்து எழுதக்கூடாது. எழுதினால் குற்றப்பத்திரிகை, விசாரணை, கடைசியில் வேலையே போகும். அந்த விதியை அவரே பத்து வருஷத்துக்கு முன்னால் சுற்றறிக்கையாகத் தட்டச்சு செய்து, எல்லாப் பிரிவுக்கும் அனுப்பி, கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்.

ஆனாலும் எத்தனை நாள்தான் வாயைக் கட்டுவது? தொண்ணூறுகள் முழுக்கப் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினார். நாற்பத்தொன்று போட்டார். இரண்டு வந்தன, இரண்டும் பேருந்து நேரம் பற்றியவை. மனித உரிமைக்கென்று இருக்கிற அலுவலகங்களுக்கு நாலு மனு அனுப்பினார். நாலுக்கும் ஒரே மாதிரி அட்டை வந்தது: தங்கள் மனு கிடைத்தது. அப்புறம் அந்த மனுவின் உரிமையை யார் பறித்தார்களோ, தகவலே இல்லை. இந்த வருஷம், 2007 ஜனவரியில், ஒரு சனிக்கிழமை சைபர் கஃபேயில் உட்கார்ந்து, தனக்கென்று ஒரு இடத்தை ஏற்படுத்திக்கொண்டார். பெயர் வேண்டாம், முகம் வேண்டாம். மேற்படியான் போதும்.

அதற்குத் தீப்பொறி வைத்தவன் ஜம்பு.

திருவண்ணாமலைப் பக்கத்து ஆள். ஒப்பந்தக்காரரிடம் சுமை தூக்குகிறவன். டிசம்பரில் கூடாரப் பெட்டி சரிந்து இடது கையில் இரண்டு விரல் நசுங்கிப்போயிற்று. நஷ்டஈடு என்று அவன் வாயைத் திறந்த மறுநாள், கயிறு திருடினான் என்று ஒப்பந்தக்காரர் ஆள்விட்டுச் சொல்ல, போலீஸ் கூட்டிப்போய் மூன்று நாள் வைத்திருந்தது. வெளியே விடும்போது மராத்தியில் ஒரு காகிதம். கைநாட்டு வைத்தான். வீட்டில் குடித்துவிட்டு விழுந்ததில் விரல் போயிற்று என்று அதில் எழுதியிருந்ததாக அவனுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அலுவலக வாசலில் டீக்கடை. அங்கே நின்றபடி ஜம்பு இதை இருதயராஜிடம் சொன்னான், சிரித்துக்கொண்டே.

"ரெண்டு நாள்ல உட்டுருப்பாங்க சார். மொத நாளு டீ போடுடான்னாங்க. ஒத்தக் கையில போட்டேன். இஞ்சி தட்டிப் போட்டேன். நல்லா கீதுன்னு சொல்லி இன்னொரு நாளு வெச்சிக்கினாங்க."

"சிரிக்கிறியே ஜம்பு!"

"வேற இன்னா சார் பண்ணச் சொல்ற?"

இருதயராஜ் அன்று டீயைக் குடிக்கவில்லை. கீழே ஊற்றிவிட்டார். அந்த ஆத்திரத்தில் பிறந்ததுதான் முதல் பதிவு.

*

கஃபேயிலிருந்து ஸ்கூட்டரில் திரும்பும்போது ஒரு பொய்யைத் தயாரித்துவிட்டார். மின்சாரம் இல்லை, இணையம் இல்லை, நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன். நாளைக்குள் வலைப்பதிவு காற்றோடு போயிருக்கும். அழகான பொய்.

கிருஷ்ணஸ்வாமியிடம் அது இரண்டு விநாடி உயிரோடிருந்தது.

"கரண்ட் இல்லைன்னா என்ன? நெட்ல முழுசாப் பார்ப்பேள்னுதான் அட்ரஸ் தந்தேன். கம்ப்ளைண்டோடயே பிரிண்ட் எடுத்து வெச்சிருக்கா. இந்தாங்கோ." மூன்று தாள்களை மேஜை மேல் தள்ளினார். "மொதல் பதிவு மட்டும் போறும். அதுதான் சம்பந்தப்பட்டது."

தாளில் மேற்படியானின் எழுத்தை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தார் இருதயராஜ். தாள்களைச் சட்டையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பயம் பாதி. மீதி, சொன்னால் வெட்கக்கேடு, சந்தோஷம்.

தன் மேஜையில் வந்து உட்கார்ந்தார். யார் புகார் கொடுத்தது என்று மனசு ஓடிக்கொண்டே இருந்தது. ஒப்பந்தக்காரரா? அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவருடைய மேஸ்திரிக்குத் தெரியும், அவன் அக்கா மகன் ஒருவன் பாணேரில் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறான். அந்தக் கூட்டம் மின்னஞ்சலில் எதைக் கண்டாலும் எல்லாருக்கும் தள்ளிவிடும். அல்லது அந்த வார்டு அரசியல்வாதியா? இரண்டாவது பதிவில் அவரைப் பற்றி, 'குழாயைத் திறந்து வைத்தார், தண்ணீரைத் திறக்க மறந்தார்' என்று எழுதியது குத்தியிருக்குமோ? எவனாக இருந்தாலும் சரி. ஒரு ஏழையின் அநியாயத்தைப் பற்றி நாலு வரி எழுதினால் மேலிடத்துக்குக் காகிதம் அனுப்புகிற கயவன். பேச்சு சுதந்திரத்தின் குரல்வளையைப் பிடிக்கிறவன். அவனைப் பற்றி ஏழாவது பதிவு எழுத வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டார். வேலை இருந்தால்.

தாளைப் பிரித்தார்.

'வணக்கம். இந்த வலைப்பதிவின் பெயர் மேற்படி விஷயமாக. மேற்படி விஷயம் எது என்று கேட்பவர்களுக்கு: எதைக் கேட்டால் நாற்காலியில் இருப்பவருக்குக் காது மந்தமாகிவிடுகிறதோ, அது. இங்கே அரசியல்வாதிகளைத் திட்டமாட்டேன். அவர்கள் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்வேன். அதைவிடப் பெரிய திட்டு எனக்குத் தெரியாது. மனித உரிமை பற்றியும் எழுதுவேன், மனிதன் என்பவன் யார் என்று அரசாங்கம் ஒரு சுற்றறிக்கை விட்டவுடன். அதுவரை, குப்பனின் கதையைக் கேளுங்கள்...'

குப்பன்தான் ஜம்பு. பெயரை மட்டும் மாற்றியிருந்தார். மற்றதெல்லாம் அப்படியே இருந்தது: கிடங்கு, சரிந்த கூடாரப் பெட்டி, இரண்டு விரல், கயிறு, காகிதம். கடைசியில் அந்த டீ.

'நம் காவலர்களுக்கு மனித உரிமை தெரியாது என்று எவன் சொன்னது? அடைத்து வைத்தவனை டீ போடச் சொன்னார்கள். அதை வாய்விட்டுப் பாராட்டினார்கள். பாராட்ட ஒரு நாள் போதவில்லை என்று இன்னொரு நாளும் வைத்துக்கொண்டார்கள். உலகத்தில் எந்த நாட்டில் ஒரு கூலிக்காரனின் கைமணத்துக்கு இத்தனை மரியாதை உண்டு?'

இந்த இடத்தில்தான் முப்பத்தேழு பேரும் கைதட்டியிருந்தார்கள். துபாயிலிருந்து ஒருவர், 'சிரித்தேன், அப்புறம் ராத்திரி தூங்கவில்லை' என்று எழுதியிருந்தார்.

ஆங்கிலத்தில் முதல் வரி எழுதினார். படித்துப் பார்த்தார். செத்துக் கிடந்தது. அடித்தார். வேறு மாதிரி எழுதினார். அதுவும் செத்துதான் கிடந்தது, கொஞ்சம் சுத்தமாக. சொல்லுக்குச் சொல் மாற்றினால் நையாண்டி எங்கேயோ இறங்கிப்போய்விட்டது. போலீசாருக்கு யாரோ நன்றிக் கடிதம் எழுதிய மாதிரி இருந்தது. ஒரு பக்கம் நிம்மதி. இன்னொரு பக்கம், தன் பிள்ளையைத் தானே மொட்டையடித்து, மூக்கை அறுத்து, இவன் என் பிள்ளை இல்லை என்று வாக்குமூலம் கொடுக்கிற எரிச்சல்.

அரை மணிக்கு ஒருதரம் கிருஷ்ணஸ்வாமி எட்டிப் பார்த்தார்.

"என்ன சொல்றான் மேற்படியான்?"

"போலீஸ் டீயைப் பாராட்டினாங்கன்னு சொல்றான் சார்."

"அப்போ போலீஸைப் புகழறானா?"

"வார்த்தையைப் பார்த்தா அப்படித்தான் இருக்கு சார்."

"இதுக்கா இவ்ளோ கலாட்டா?" கிருஷ்ணஸ்வாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, போகப்போனவர், நின்றார். "இருதயராஜ், ஒண்ணே ஒண்ணு. இது கதையா, நெஜமா? ஏன் கேக்கறேன்னா, இது நம்ம கேட்டுக்குள்ள நெஜமா நடந்ததுன்னு இந்த எழுத்துல தெரிஞ்சா, நான் விசாரணை போட்டே ஆகணும். காண்டிராக்டரைக் கூப்பிடணும், ஹெட் ஆபீஸுக்கு எழுதணும். கதைன்னா குப்பைத்தொட்டி. நேக்குத் தெரிய வேண்டியது அவ்ளோதான்."

விசாரணை.

நாலு மனு, நாற்பத்தொரு கடிதம், ஆறு பதிவு எழுதியும் எந்த வார்த்தை யார் வாயிலிருந்தும் வரவில்லையோ, அந்த வார்த்தை இப்போது நாற்காலியில் இருக்கிறவரின் வாயிலிருந்து சர்வ சாதாரணமாக விழுந்தது. நிஜம் சார், என்று சொன்னால் போதும்.

சொன்னால் அடுத்த கேள்வி என்ன? உங்களுக்கு எப்படித் தெரியும்? இந்த அலுவலகத்தில் தமிழ் எழுதத் தெரிந்தவர் எத்தனை பேர்? விசாரணை ஜம்புவைத் தொடுவதற்கு முன்னால் மேற்படியானைத் தொடும். இருபத்தாறு வருஷ வேலை.

"கதைதான் சார்" என்றார் இருதயராஜ். "குப்பன்னு தமிழ்ல சும்மா ஒரு பேரு. வாரப் பத்திரிகை ஜோக்குல எல்லாம் வருவான். நெஜ ஆளு கிடையாது."

"அச்சா. அப்போ முடிஞ்சுது" என்று கிருஷ்ணஸ்வாமி போய்விட்டார்.

சொன்ன பொய்க்கு இனி தாள் ஒத்துப்போக வேண்டும். கிடங்கு என்று வந்த இடத்தில் 'ஓர் இடத்தில்' என்று எழுதினார். கூடாரப் பெட்டி போயிற்று. இரண்டு விரல் போயிற்று. கயிறும் போயிற்று. எவையெல்லாம் இந்த அலுவலகத்தைக் கைகாட்டினவோ அவற்றையெல்லாம் எடுத்தார். மூன்று தாள் ஒன்றரைத் தாளானது. மிச்சமிருந்தது யாரோ ஒரு குப்பன், எங்கேயோ ஒரு டீ. கீழே வழக்கமான வரி: இது உண்மையான மொழிபெயர்ப்பு எனச் சான்றளிக்கிறேன். கையெழுத்து.

அதோடு விட்டிருக்கலாம். மொழிபெயர்ப்பு மட்டும்தான் கேட்டிருந்தார்கள்.

ஆனால் அந்த அலுவலகத்தில் ஒரு கோப்பு மேலே போகும்போது முடிவும் கூடவே போக வேண்டும். கீழே இருப்பவர் முடிவை எழுதுவார், மேலே இருப்பவர் கையெழுத்துப் போடுவார். குறிப்பு எழுதாமல் ஒரு கோப்பை மேலே தள்ளுவது, இருதயராஜுக்குச் சட்டை போடாமல் தேவாலயம் போகிற மாதிரி. இருபத்தாறு வருஷத்துக் கை தானாகவே எழுதிக்கொண்டு போனது.

'மேற்படி எழுத்தில் வரும் நபர் கற்பனை. இவ்வலுவலகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. புகாரில் சாரமில்லை. புகாரை முடித்துவைக்கலாம். புகார்தாரருக்கான பதில் கடிதத்தின் வரைவு ஒப்புதலுக்காக இணைக்கப்பட்டுள்ளது.'

பதில் கடிதத்தையும் தட்டச்சு செய்தார். 'தங்கள் புகார் ஆராயப்பட்டது. தாங்கள் இணைத்த எழுத்து கற்பனையானது எனத் தெரியவருகிறது. ஆகவே மேல்நடவடிக்கைக்கு இடமில்லை.' பெயர், முகவரி தெரியாது, அந்த இடத்தைக் காலியாக விட்டார். அந்தக் கடைசி வரியைத் தட்டும்போது கொஞ்சம் குரூரமான திருப்தி. புகார் கொடுத்த கயவனே, ஒரு குட்டிக் குமாஸ்தா உன்னை ஒரு வரியில் கவிழ்த்துவிட்டான், பார்.

மூன்று ஐம்பதுக்குக் கோப்பு உள்ளே போனது.

*

கிருஷ்ணஸ்வாமி படித்தார். வரிக்கு வரி தலையாட்டினார். கோப்பின் உள்ளே வேறு ஏதோ தாளைப் புரட்டி, மொழிபெயர்ப்போடு ஒப்பிட்டுப் பார்த்தார். இருதயராஜ் எதிரே நின்றுகொண்டிருந்தார். அவர் பக்கம் அந்தத் தாளின் முதுகுதான் தெரிந்தது.

"ஒண்ணுமே ஒத்துப்போகலையே" என்றார் கிருஷ்ணஸ்வாமி, தனக்குள். "இதுல அப்படி ஒரு சங்கதியே இல்லை."

"என்ன சார்?"

"ஒண்ணுமில்லை. நீங்க நன்னா எழுதியிருக்கேள். லெட்டரும் ரெடி. இதான் உங்ககிட்ட நேக்குப் பிடிக்கறது." பேனாவைத் திறந்தார். குறிப்பின் கீழே கையெழுத்து, தேதி. கடிதத்தின் கீழே கையெழுத்து. முத்திரை. பண்டகசாலை ஜெனரேட்டர் இரைச்சலிலும் அந்த முத்திரைச் சத்தம் இருதயராஜுக்குத் தெளிவாகக் கேட்டது. இப்போதுதான் பசித்தது. வேலை தப்பியது. மேற்படியானும் தப்பினான். சனிக்கிழமை கஃபேக்குப் போய்...

"இன்னொரு உபகாரம்" என்றார் கிருஷ்ணஸ்வாமி. "அந்த ஆள் காலம்பரலேர்ந்து பின்பக்க வெராண்டாவுல உக்காந்திருக்கான். கம்ப்ளைண்டை யாரோ மராத்தி டைப்பிஸ்ட்கிட்ட கொடுத்து அடிச்சிண்டு வந்திருக்கான். அவன் பேசற தமிழ் நேக்குப் பாதி புரியலை. நீங்களே லெட்டரைக் கொடுத்து, விஷயத்தை நிதானமா சொல்லி அனுப்பிடுங்கோ. பாவம்."

"பாவமா?"

"ஆமா. பேர் எழுதலை பாருங்கோ." கோப்பைப் பார்த்து, காலி இடத்தில் பேனாவால் எழுதிக் கொடுத்தார்.

பின்பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டே இருதயராஜ் கடிதத்தைப் பார்த்தார். ஆங்கிலத்தில், கிருஷ்ணஸ்வாமியின் சாய்ந்த கையெழுத்தில், ஒரே ஒரு பெயர்.

ஜம்பு.

வராந்தா பெஞ்சிலிருந்து அவன் எழுந்தான். சட்டையைத் தோய்த்துப் போட்டிருந்தான். இடது கை துணியில் சுற்றியிருந்தது.

"சார், நீயா வர்ற? நல்லதாப் போச்சி."

"நீ எதுக்குய்யா இங்க..." இருதயராஜ் கடிதத்திலிருந்த பெயரை மறுபடி பார்த்தார். "நீயா புகார் குடுத்தது? அந்த எழுத்து மேலயா?"

"அது மேல எதுக்கு சார் குடுக்கறேன்? காண்ட்ராக்டர் மேல குடுத்தேன். நாலு மாசமா சாட்சி கொண்டாடா, சாட்சி கொண்டாடான்னு தொரத்தினாங்க. எனக்கு எவன் சாட்சி சொல்லுவான்? போன வாரம் மேஸ்திரி ஒரு காயிதத்தை வெச்சிக்கினு எல்லாத்துக்கும் படிச்சிக் காமிச்சி சிரிச்சிக்கினு இருந்தாரு. கேட்டா என் கதை. பெட்டி, வெரலு, கயிறு, ஒண்ணு உடாம. ராத்திரி அவர் பையில இருந்து எடுத்தாந்துட்டேன். டைப்பிஸ்ட்கிட்ட சொல்லி, இதான் என் சாட்சின்னு கூட வெக்கச் சொன்னேன்." கடிதத்தைப் பார்த்துக் கையை நீட்டினான். "விசாரணை போட்டுட்டாங்களா சார்?"

கடிதம் இருதயராஜின் கையிலேயே இருந்தது. உள்ளே கிருஷ்ணஸ்வாமி யாருக்கோ போனில் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இதை யார் எழுதினதுன்னு..." கடிதத்தை இரண்டாக மடித்தார். "அவங்க உன்னைக் கேக்கலியா?"

"கேட்டாங்க. காலைல உள்ள கீற பெரியவர் மூணு தடவ கேட்டாரு. எழுதினவன் பேரைச் சொல்லு, அவனைக் கூப்ட்டு விசாரிச்சா உன் கேஸ் கெட்டியா நிக்கும்னாரு." ஜம்பு வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "தெரியாதுன்னுட்டேன் சார். டீ சமாச்சாரம் நான் உன்கிட்ட மட்டும்தான சொன்னேன்?"